ட்ரேயை வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்

மழலையர் பள்ளிகளை நடத்துகிறவர்களுக்கும் அவற்றின் முதல்வர்களுக்கும்,

வணக்கம்.

இரண்டரை வயதிலிருந்து ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளோடு பல வருடங்களாக வேலை செய்கிறவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். இப்போது நிறையப் பள்ளிகளின் கையேட்டில் 'புலன்வழி விளையாட்டு', அதாவது பொருட்களைத் தொட்டு, அளைந்து, முகர்ந்து விளையாடுவது, என்று ஒரு வரி இருக்கிறது. அரிசி, மாவு, பருப்பு, உப்பு என்று சமையலறையில் இருப்பதை வைத்தே நடத்தலாம் என்பதால் தொடங்குவதும் எளிது. தொடங்கியவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. ஆனால் பல இடங்களில் அது நடக்கும் விதத்தைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை.

நடப்பது இதுதான். ஆசிரியை காலையிலேயே வந்து அரிசிக்கு நிறம் ஏற்றி, பட்டை பட்டையாக ட்ரேயில் பரப்பி வைக்கிறார். பிள்ளைகள் நான்கு நான்கு பேராக வருகிறார்கள். உள்ளே புதைத்து வைத்த எழுத்தைத் தேடி எடுக்கச் சொல்கிறார்கள். ஒரு பிள்ளை கையை விட்டு அளைய ஆரம்பித்தால், நிறங்கள் கலந்துவிடும் என்று தடுக்கிறார்கள். ஒரு போட்டோ. அடுத்த நான்கு பேர். ஆளுக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். ஆசிரியை மீது தப்பில்லை. கால அட்டவணையில் அவருக்குக் கிடைத்த நேரம் அவ்வளவுதான், மாலையில் பெற்றோருக்கு அனுப்ப வேண்டியதும் அந்தப் போட்டோதான்.

நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ட்ரேயை வையுங்கள், முக்கால் மணி நேரம் கொடுங்கள், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாதீர்கள்.

சொல்லாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். கார்ன்ஃப்ளார் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் ஒரு விசித்திரமான கலவை வரும். மெதுவாக விரலை விட்டால் மோர் மாதிரி உள்ளே வழிவிடும், ஓங்கித் தட்டினால் கெட்டியாகிவிடும். மாவுத் துகள்களுக்கு நடுவில் தண்ணீர் இருப்பதால் மெல்ல அழுத்தும்போது அவை ஒன்றையொன்று தாண்டி நழுவுகின்றன. சட்டென்று அழுத்தினால் நழுவ நேரமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு நின்றுவிடுகின்றன. நான்கு வயதுப் பையன் ஒருவன் முதலில் இதை உள்ளங்கையால் தட்டினான். கையைத் திருப்பிப் பார்த்தான், ஒன்றும் ஒட்டவில்லை. மறுபடி தட்டினான். அப்புறம் பக்கத்தில் கிடந்த கரண்டியை எடுத்து அதன் பின்பக்கத்தால் தட்டினான். பிறகு கரண்டியை அப்படியே மேலே படுக்க வைத்துவிட்டு, அது கொஞ்சம் கொஞ்சமாக முங்கிப் போவதைக் கன்னத்தை மேஜையில் வைத்துக்கொண்டு பார்த்தான். வெளியே இழுக்கப் பார்த்தபோது வரவில்லை. வேகமாக இழுத்தால் வராது, மெதுவாக இழுத்தால் வரும் என்பதைக் கண்டுபிடிக்க அவனுக்கு வெகுநேரம் ஆனது. அவன் முதல் தடவை தட்டியபோதே "பாத்தியா, கெட்டியாயிடுச்சு!" என்று நான் வாயைத் திறந்திருந்தால் அந்தக் கரண்டி வந்தே இருக்காது. என் முகத்தைப் பார்த்து, அடுத்து என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருந்திருப்பான்.

இது புதிய யோசனையும் இல்லை. பிரிட்டனைச் சேர்ந்த எலினோர் கோல்ட்ஷ்மீட், உட்காரப் பழகிய கைக்குழந்தைகளுக்காக வீட்டுச் சாமான்கள் நிறைந்த ஒரு கூடையை வடிவமைத்தார். மரக்கரண்டி, தூரிகை, உலோகக் கிண்ணம், எலுமிச்சம்பழம் என்று தொட்டால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கும் பொருட்கள். அதில் பெரியவரின் வேலை என்ன தெரியுமா? பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. பேசக் கூடாது, எடுத்து நீட்டக் கூடாது, குழந்தைக்குத் தேவைப்பட்டால் மட்டும் உதவ வேண்டும். பேசவே வராத குழந்தைக்கு அவர் கொடுத்த அந்தச் சுதந்திரத்தை நான்கு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்க நாம் ஏன் தயங்குகிறோம்?

'எழுத்துப் பயிற்சி பின்தங்கிவிடும், பெற்றோர் கேட்பார்கள்' என்று நீங்கள் சொல்வது எனக்குத் தெரியும். பெற்றோரிடம் இதைச் சொல்லுங்கள். மனித மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. மூன்று வயதுப் பிள்ளையின் கையை எக்ஸ்ரே எடுத்தால் அவற்றில் பெரும்பாலானவை தெரியாது, ஏனென்றால் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். எட்டும் எலும்பாக மாற ஏறக்குறைய ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரை ஆகும். அந்தக் கையில் பென்சிலைத் திணித்து வரிக்கு வரி எழுத வைப்பதைவிட, மாவு பிசைவதும், ஈர ஸ்பாஞ்சைப் பிழிவதும், ஒரு சிட்டிகை உப்பை எடுத்துத் தூவுவதும்தான் நாளைக்குப் பென்சில் பிடிக்கப்போகும் விரல்களுக்கு வலு சேர்க்கும். கணக்குக்கும் இதேதான். அகலக் கிண்ணத்துத் தண்ணீரை உயரமான டம்ளரில் ஊற்றினால் தண்ணீர் கூடிவிட்டது என்றுதான் இந்த வயதுப் பிள்ளைகள் சொல்வார்கள். உளவியலாளர் ழான் பியாஜே இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார். அவர்களைத் திருத்த வேண்டாம். ஊற்றட்டும், திரும்ப ஊற்றட்டும், சிந்தட்டும்.

சில பிள்ளைகள் தொடவே மாட்டார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பார்கள், விரலில் ஒரு பொட்டு மாவு பட்டாலும் அழுவார்கள். தயவுசெய்து அந்தக் கையைப் பிடித்து மாவுக்குள் அழுத்தாதீர்கள். பிடிவாதமோ செல்லமோ இல்லை, அந்தப் பிள்ளைக்குத் தொடு உணர்வு மற்றவர்களைவிடக் கூர்மையாக இருக்கலாம். ஒரு நீளக் கரண்டி கொடுங்கள். அதே கலவையை ஜிப் பையில் போட்டு இறுக மூடி, மேலிருந்து அழுத்தச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீரும் துண்டும் எப்போதும் இருக்கட்டும். நினைத்தபோது கழுவிக்கொள்ளலாம் என்று தெரிந்தால் துணிச்சல் தானாக வரும். வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பதும் கலந்துகொள்வதுதான். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒருநாள் ஒற்றை விரலை நீட்டிய பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தள்ளி உட்காருங்கள் என்றேனே தவிர, கண்ணை எடுங்கள் என்று சொல்லவில்லை. சமையலறைப் பொருள் என்றாலே ஆபத்தில்லாதது என்ற நினைப்பு இருக்கிறது. இங்கேதான் நிர்வாகம் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

முதலில் மாவு. கோதுமை மாவும் மைதாவும் வேகவைக்காத பொருட்கள், அவற்றில் நோய்க்கிருமிகள் இருக்கலாம். 2016-ல் அமெரிக்காவில் மாவின் வழியாக ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் தொற்று பரவி, பெருமளவு மாவைத் திரும்பப் பெற்றார்கள். நோய்ப்பட்டவர்களில் உணவகத்தில் சாப்பாடு வரும்வரை பச்சை மாவுருண்டையை வைத்து விளையாடிய பிள்ளைகளும் இருந்தார்கள். வீட்டு ஓவனில் மாவைச் சூடாக்கினால் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம், அது உறுதியான வழி இல்லை. பிசைகிற மாவை அடுப்பில் கிளறியே செய்யுங்கள். ஒரு கப் மாவு, அரை கப் உப்பு, ஒரு கப் தண்ணீர், ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. பாத்திரத்தில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை சிறுதீயில் கிளறி, நன்றாக ஆறவிட்டுப் பிசைந்தால் போதும். இதில் உப்பு மிக அதிகம், சின்னக் குழந்தை நிறைய விழுங்கினால் உடம்புக்கு ஆகாது. அதனால் எதையும் வாயில் வைக்கிற பருவத்தில் இருக்கும் பிள்ளைக்கு இது வேண்டாம். மசித்த பழம், குழைய வெந்த பாஸ்தா போன்றவை போதும்.

பருப்பு, பயறு, பட்டாணியெல்லாம் தொண்டையில் சிக்கும். மூக்கிலும் காதிலும் போய், ஈரத்தில் ஊறிப் பெருக்கும். பச்சை ராஜ்மாவை மென்று விழுங்கினால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். மூன்று வயதுக்குக் கீழே இவை எதுவும் வேண்டாம். அதற்கு மேற்பட்டவர்களுக்கும் ஒரு பெரியவர் மேஜையோடு உட்கார்ந்திருந்தால் மட்டும். மிளகாய்த்தூளும் மிளகுத்தூளும் அறைக்குள்ளேயே வரக் கூடாது. பட்டைத்தூளும் அப்படித்தான், மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கேடு. வாசனைக்காக வேண்டுமென்றால் முழுப் பட்டையையும் கிராம்பையும் துணியில் இறுக முடிந்து கொடுங்கள். அப்புறம், தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் அந்த வண்ண ஜெல்லி மணிகள். அவை சமையலறைப் பொருளே இல்லை. விழுங்கினால் குடலுக்குள் பெருத்து அடைத்துக்கொள்ளும், அறுவை சிகிச்சை வரை போனதுண்டு. பள்ளிக்குள் வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். இதையெல்லாம்விட முதலில், எந்தப் பிள்ளைக்கு எந்த உணவு ஒவ்வாது என்று பெற்றோரிடம் எழுதி வாங்குங்கள். கோதுமை, நிலக்கடலை, பால், முட்டை, எள் ஆகியவை தொட்டாலே சிலருக்குத் தோல் தடித்துவிடும். அந்தப் பிள்ளையை மட்டும் தனியாக உட்கார வைக்காதீர்கள், எல்லோருக்கும் வேறு பொருளை மாற்றுங்கள்.

உணவை வீணாக்கலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கேட்பது நியாயம். வீட்டில் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு உள்ள பிள்ளையின் கண்முன் நல்ல அரிசியைக் கொட்டி விளையாடக் கொடுப்பது எனக்கும் ஒப்பவில்லை. அதற்காக விளையாட்டை நிறுத்த வேண்டியதில்லை. பிழிந்த எலுமிச்சைத் தோல், கொதித்த டீத்தூள், காப்பிச் சக்கை, வெங்காயச் சருகு, பட்டாணித் தோல், கீரைத் தண்டு எல்லாம் எப்படியும் குப்பைக்குப் போவதுதானே? ஊதா முட்டைக்கோஸின் வெளி இலைகளை வெந்நீரில் போட்டு வடிகட்டினால் ஊதா நீர் கிடைக்கும். எலுமிச்சைச் சாறு விட்டால் இளஞ்சிவப்பாகும், சமையல் சோடா போட்டால் நீலமாகும். இரண்டையும் சேர்த்தால் நுரை பொங்கும். சொட்டுக்குழாயும் நாலு கிண்ணமும் கொடுத்தால் ஒரு வகுப்பே ஆழ்ந்துபோகும். அரிசியைப் பயன்படுத்தத்தான் வேண்டுமென்றால், நிறம் ஏற்றி உலர்த்திய அரிசி காற்றுப்புகாத டப்பாவில் மாதக்கணக்கில் இருக்கும். நிறங்கள் கலந்துபோனால் கலந்துபோகட்டும்.

ஆசிரியைகளுக்காகவும் கொஞ்சம் பேச வேண்டும். தரையெல்லாம் மாவானால் யார் துடைப்பது என்ற பயத்திலேயே பல நல்ல விளையாட்டுகள் தொடங்காமல் நின்றுவிடுகின்றன. பழைய விரிப்பு, நீளக்கை ஏப்ரன், ஒரு வாளி, சின்னக் கைப்பிடித் துடைப்பங்கள் வாங்கிக் கொடுங்கள். துடைப்பதைப் பிள்ளைகள் விளையாட்டுக்குச் சமமாக ரசிப்பார்கள், அதையும் அந்த முக்கால் மணி நேரத்துக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள். கார்ன்ஃப்ளார் கலவையை மட்டும் சிங்க்கில் கொட்ட வேண்டாம், குழாயை அடைத்துவிடும். ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள், கையில் கேமராவும் வேண்டாம். பெற்றோருக்கு ஏதாவது அனுப்பியே ஆக வேண்டுமென்றால், பிள்ளை என்ன செய்தது என்று இரண்டு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

ஐக்கிய நாடுகள் சபையின் 1989-ஆம் ஆண்டுக் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் 31-வது பிரிவு, விளையாடுவதைக் குழந்தையின் உரிமையாகச் சொல்கிறது. உங்களில் பலருக்கு இது தெரிந்திருக்கும். அடுத்த பருவத்துக்குக் கால அட்டவணை போடும்போது வாரத்தில் மூன்று நாளாவது அந்த முக்கால் மணி நேரக் கட்டத்தில் 'ட்ரே' என்று மட்டும் எழுதுங்கள். பக்கத்தில் 'கற்றல் நோக்கம்' என்று ஒரு பத்தி இருக்கும். அதை நிரப்பச் சொல்லி ஆசிரியையைக் கேட்காதீர்கள்.

அன்புடன்,
ஒரு மழலையர் ஆசிரியை