எத்தனையாவது வாரம் என்று சொல்லாத எண்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கர்ப்பிணிகளுக்கான உங்கள் பக்கத்தில், வயிற்றுக் குழந்தையின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டும் என்று போட்டிருந்தீர்கள். சரிதான். ஆனால் எந்த மாதத்துக்கான அளவு அது என்று சொல்லவில்லையே!

கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இன்றும் தெருப் பெண்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வருவார்கள். ஒன்பதாவது வாரத்தில் எடுத்தது, 172 என்று இருக்கும். "அக்கா, 160-ஐத் தாண்டிடுச்சே" என்று சொல்லும்போதே கண் கலங்கிவிடும். ஆறாவது வாரத்தில் 110-ஐ ஒட்டித் தொடங்கும் துடிப்பு, ஒன்பது பத்தாவது வாரத்தில் 170-ஐ ஒட்டி ஏறும். நரம்பு மண்டலம் வளர்ந்து இதயத்துக்குக் கடிவாளம் போடப் போட, மெல்ல இறங்கும். நீங்கள் எழுதிய அளவு பிந்தைய மாதங்களுக்கானது. ஆரம்ப வாரங்களில் துடிப்பு 100-க்கும் கீழே இருந்தால், பெரும்பாலும் சில நாள் கழித்து மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள்.

பிந்தைய மாதங்களிலும் அது ஒரே எண்ணில் நிற்காது. குழந்தை அசைந்தால் ஏறும், தாய்க்குக் காய்ச்சல் வந்தாலும் ஏறும். ஏற்ற இறக்கமே இல்லாமல் நெடுநேரம் ஓடினால் மருத்துவர்கள் யோசிப்பார்கள். வயிற்றில் பெல்ட் கட்டி, சி.டி.ஜி. என்ற துடிப்புப் பதிவுக் கருவியின் தாளில் கோடு ஓடவிடுவது இதையும் பார்க்கத்தான்.

மாமியார்களின் கணக்கு வேறு. 140-க்கு மேல் போனால் பெண், கீழே இருந்தால் பையனாம்! ஆரம்ப மாதங்களில் ஆண், பெண் துடிப்புக்குள் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்று ஆய்வுகள் எப்போதோ காட்டிவிட்டன. கருவின் பாலினத்தைச் சொல்வதைத் தடுக்க 1994-லேயே சட்டம் வந்தது. ஸ்கேன் அறையில் யாரும் வாய் திறப்பதில்லை, வீட்டிலோ இந்த எண்ணை வைத்து ஜோசியம் நடக்கிறது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்த மாநிலம் நம்முடையது. வேடிக்கைப் பேச்சு என்று என்னால் விட முடியவில்லை.

அப்புறம், வீட்டிலேயே குழந்தையின் துடிப்பைக் கேட்க ஆன்லைனில் வாங்கும் டாப்ளர் கருவி. பழக்கமில்லாத கைக்குத் தாயின் நாடியோ நஞ்சுக்கொடியின் ரத்த ஓட்டமோ கூடப் பிள்ளையின் துடிப்பாகக் கேட்கும். அசைவு குறைந்திருக்கிறது என்று தோன்றினால், கருவியில் சத்தம் கேட்கிறதே என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. விடியட்டும் என்றுகூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் சரியான அளவையும் பக்கத்திலேயே அச்சிடுகிறார்கள். ஸ்கேன் சென்டர்களும் துடிப்பு எண்ணுக்குப் பக்கத்தில் அந்த வாரத்துக்குரிய அளவைப் போடலாமே? அதுவரை, ஒரு மகப்பேறு மருத்துவரிடம் கேட்டு, வாரவாரியாக ஒரு சின்ன அட்டவணையை நீங்கள் அடுத்த இதழில் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
திண்டுக்கல் மாவட்டம்.