உலி மருதாணி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்கிழக்கு நைஜீரியாவின் இக்போ இனப் பெண்கள் உடலில் வரைந்துவந்த ஓவியம் பற்றிய ஞாயிறு இணைப்புக் கட்டுரைக்கு ‘ஆப்பிரிக்காவின் கறுப்பு மருதாணி’ என்று தலைப்பிட்டிருந்தீர்கள். படங்கள் அருமை, தலைப்புதான் பிழை. அந்தக் கலையின் பெயர் உலி. செடியும் வேறு, சாயம் பிடிக்கும் விதமும் வேறு.

மருதாணி, மாதுளையின் குடும்பம். அரைத்த இலையை மணிக்கணக்கில் அப்பி வைத்தால் சிவக்கும். உலிச் செடிகளோ நுணா, காபி வகையறா. இங்கே இலைக்கு வேலையில்லை, காய்தான். அதை நசுக்கிப் பிழிந்தால் வரும் சாறு ஏறக்குறைய நிறமற்றது. போட்ட கோடு வரைபவளுக்கே தெரியாது என்பதால் கொஞ்சம் கரித்தூள் கலந்துகொள்வார்கள். கரி வெறும் அடையாளத்துக்கு, கழுவினால் போய்விடும். சாறு தோலில் ஊறி, மறுநாள்வாக்கில்தான் கருநீலமாக எழும். ஒரு வாரம்போல நின்று மங்கும். கோணிய கோடு கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும்போது சாயம் பிடித்திருக்கும், அழித்துத் திருத்த வழியில்லை. கருவி என்னவோ மெல்லிய குச்சியோ சின்னஞ்சிறு கத்தியோதான். தேர்ச்சியெல்லாம் கையில் இருக்க வேண்டும்.

‘நம் கோலம் மாதிரியே’ என்ற வரியும் பொருந்தவில்லை. புள்ளி வைத்து, இடமும் வலமும் ஒத்துவரச் சுற்றுவது உலியின் வழக்கமல்ல. தடித்துத் தொடங்கி இழையாக மெலியும் ஒரு நீண்ட வளைகோடு, அதற்குத் துணையாகச் சில புள்ளிகள், மீதியெல்லாம் வெறும் தோல். அந்த வெற்றிடமும் ஓவியத்தில் சேர்த்தி. அதை நிரப்பினால் உலி கெட்டது.

வடிவங்களில் அக்வோலக்வோ என்ற சுருள், பாம்பு சுருண்டிருப்பதைக் குறிக்கும். மண்ணின் தெய்வமான ஆலாவுக்கு உரிய மலைப்பாம்பு நினைவுக்கு வருவது இதனால்தான். விருந்தினருக்குப் பிட்டுக் கொடுக்கும் கோலாக் கொட்டையின் நான்கு பிளவுகளை, இக்போ வாரத்தின் நான்கு சந்தை நாள்களான எகே, ஒரியே, அஃபோ, ங்க்வோ ஆகியவற்றோடு இணைத்துப் பார்ப்பார்கள். அதற்காக ஒவ்வொரு கோட்டுக்கும் அகராதிப் பொருள் தேடக் கூடாது. பல வடிவங்கள் அழகுக்காகவே வரையப்பட்டவை.

கட்டுரை தொடாமல் விட்டது சுவர் ஓவியம். இதே பெண்கள் மண் சுவரை மெழுகி, கரியால் கறுப்பும், வெண்களிமண்ணால் வெள்ளையும், செம்மண்ணால் சிவப்பும், மஞ்சள் மண்ணால் மஞ்சளும் தீட்டினார்கள். துணிக்குப் போடும் சலவை நீலம் பிற்பாடு வந்து சேர்ந்தது. மழை கரைத்துவிடும், கோடையில் மறுபடி மெழுகி வரைவார்கள். சிமெண்டுச் சுவர் வந்ததும் மெழுகும் வேலை போயிற்று, வரையும் சந்தர்ப்பமும் கூடவே போயிற்று. உடலை மூடும் உடையும், இதைப் பழைய சமயத்தின் எச்சமாகக் கண்ட மிஷனரிகளும் மீதியைப் பார்த்துக்கொண்டார்கள்.

உலியை ‘உருவாக்கியவர்’ ஓவியர் உச்சே ஒகேகே என்று எழுதியிருக்கிறீர்கள். அவர், வட நைஜீரியாவின் சாரியா நகரில் 1958இல் தொடங்கப்பட்ட சாரியா கலைச் சங்கத்தின் முன்னோடிகளில் ஒருவர். 1970களில் நைஜீரியப் பல்கலைக்கழகத்தின் ந்சுக்கா வளாகத்தில் உலிக் கோட்டைத் தாளுக்கும் திரைச்சீலைக்கும் கொண்டுவந்தவர். ஒபியோரா உடெச்சுக்வு போன்ற ஓவியர்கள் அவ்வழியில் தொடர்ந்தார்கள். ஆனால் ஒகேகேயே உலியைத் தம் தாயிடம் கற்றவர். பெண்களின் கலை, கலைக்கூடத்துக்குள் நுழைந்தபோது பெரும்பாலும் ஆண்களின் கையெழுத்தோடு நுழைந்தது. அதைப் போற்றிவந்த ஊர்ப் பெண்களில் பலருடைய பெயர்கூடப் பதிவாகவில்லை. கட்டுரையும் அதே தவற்றைச் செய்யலாமா?

தலைப்பை அவசரமாகத் திருத்தக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ‘கறுப்பு மருதாணி’ என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலும் தலைச்சாயத்தில் சேர்க்கும் பாரா-பினைலீன்-டயமின் இருக்கும். தோலில் பட்டால் சிலருக்குக் கொப்புளமும் ஆறாத தழும்பும் வரும், ஒவ்வாமை ஆயுளுக்கும் தங்கிவிடும். உங்கள் படத்தைப் பார்த்து ஆசைப்படும் பெண் கடையில் இதைத்தான் கேட்பாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்