வழுக்கைக்கு உண்டு, வெந்த தோலுக்கு இல்லையா?

மலைப்பகுதி மருத்துவச் சேவைக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். பூம்பாறைப் பக்கம் இருபது ஆண்டுகளுக்கு மேல் செவிலியராகக் கட்டுப் போட்டவள் நான். கொடைக்கானல் மலையில் தீக்காயம் எப்படி வருகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. என் தங்கைக்கு வந்தது குளிக்கக் காய்ச்சிய வெந்நீர் அண்டாவால்.

ஆறாம் நாள் பச்சையாகச் சீழ் வைத்தது. கட்டு மாற்றக்கூட மலையிறங்கத்தான் சொன்னார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் வத்தலக்குண்டு வழியாக இறங்கி ஏறுகிறோம். போன செவ்வாய்க்கிழமை திரும்பும்போது, டம்டம் பாறை தாண்டியதும் கட்டு நனைந்து வாடை கிளம்பிவிட்டது. முன் இருக்கைப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய்விட்டாள். நடத்துநர் ஒன்றும் சொல்லாமல் ஜன்னலைத் திறந்துவிட்டார். பனி உள்ளே வந்தது. தங்கை முந்தானையைக் கட்டின்மேல் போர்த்திக்கொண்டு, “இறங்கிவிடலாமா அக்கா?” என்றாள்.

அன்று காலை மருத்துவரிடம் பிஆர்பி என்ற பிளாஸ்மா சிகிச்சை பற்றிக் கேட்டிருந்தேன். “அது முடி கொட்டுவதற்கும் மூட்டு வலிக்கும்தான். வெளியே தனியாரிடம் செய்கிறார்கள்” என்றார். இந்த மடலை எழுதவைத்தது அந்தப் பதில்தான்.

நோயாளியின் சொந்த ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்துச் சுழற்றினால் தட்டணுக்கள் செறிந்த மஞ்சள் பிளாஸ்மா பிரிகிறது; அதுதான் பிஆர்பி. டெங்குக் காலத்தில் ஊரே எண்ணிப் பார்க்கும் அதே தட்டணுக்கள்தான். ரத்தத்தில் மைக்ரோலிட்டருக்கு 1.5 முதல் 4.5 லட்சம் வரை இருப்பவை, இதில் சுமார் 10 லட்சம். கால்சியம் குளோரைடு சேர்த்தால் கூழாகும், காயத்தில் பூசலாம். தோல் வளரத் தூண்டும் காரணிகளோடு, கிருமியைத் தாக்கும் சிறு புரதங்களையும் தட்டணுக்கள் வெளியிடுகின்றன. ஆய்வகச் சோதனைகளில் காயத்தில் சீழ் வைக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியை, மெதிசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத வகை உட்பட, இது கட்டுப்படுத்தியிருக்கிறது. பச்சைச் சீழ் வைக்கும் சூடோமோனாஸிடம் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. சில மணி நேரத்தில் கிருமி மறுபடி பெருகுவதும் உண்டு.

ஆகவே ஆன்டிபயாடிக்கை நிறுத்தச் சொல்லவில்லை. தங்கைக்கு இது கட்டாயம் பலிக்கும் என்றும் சொல்லவில்லை. தீக்காயத்துக்குக் கட்டு மாற்றவும் சீழில் என்ன கிருமி என்று கல்ச்சர் பார்க்கவும் மலையிலேயே ஒரு பிரிவு வேண்டும். முறையான அனுமதியோடு, மருத்துவர் மேற்பார்வையில், பிஆர்பியையும் அங்கே ஆராய்ந்து பார்க்க வேண்டும். வழுக்கைத் தலைக்கு இறங்கிவரும் பிளாஸ்மா வெந்த தோலுக்கும் கொஞ்சம் இரங்கக் கூடாதா?

2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் இருக்கிறது. ஏரியைப் பார்க்க ஏறி வந்தவர்களுக்குக் கணக்கு உண்டு. கட்டு மாற்ற இறங்கிப் போகிறவர்களை யார் எண்ணுகிறார்கள்? அவர்களுக்கும் ஒரு பாஸ் கொடுத்தால் எண்ணிக்கையாவது தெரியும்.

கோபத்தில் ஒரு சொல் கூடிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது அதே ஒன்றுதான்: தீக்காயத்துக்கு மலையிலேயே ஒரு பிரிவு. தயவுசெய்து ஆவன செய்யுங்கள்.

நாளை மறுபடியும் கட்டு மாற்றும் நாள். முதல் பஸ்ஸில் இறங்குகிறோம்; ஜன்னலோர இருக்கையாகப் பார்த்து உட்கார வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருத்தி