விடிய ஐந்து மணி பஸ்ஸும் சம்பளச் சிட்டையும்

வன்னியில் ஆடைத்தொழிற்சாலை நடத்தும் நிறுவனங்களின் மனிதவள முகாமையாளர்களுக்கு,

வணக்கம். கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு ஆடைத்தொழிற்சாலையில் சம்பளப் பட்டியல் தயாரிப்பது என் வேலை. யார் எத்தனை பீஸ் தைத்தார்கள், யாருக்கு வரவுக் கொடுப்பனவு வெட்டுப்பட்டது என்ற இரண்டும் என் கையால்தான் போகின்றன. அவை பல வேளைகளில் பொருந்துவதில்லை. பின்னேரத்தில் தையல் லைனையே இழுத்துக்கொண்டு போகிற பிள்ளைக்குத்தான் மாதமுடிவில் கொடுப்பனவு இல்லை. விசுவமடுப் பக்கம் விடிய ஐந்து மணிக்கு வரும் கொம்பனி பஸ்ஸை ஓரிரு தரம் விட்டிருப்பாள். பிறகு அரசாங்க இ.போ.ச. பஸ்ஸில் வந்து இறங்கினால் அரைநாள் லீவு, முழு மாதக் கொடுப்பனவும் போச்சு.

"இரவிரவாகப் போன் பார்த்தால் எப்படி எழும்புவது?" என்பீர்கள். போன் வெளிச்சம் நித்திரையைப் பிந்தவைக்கும், உண்மை. ஆனால் எத்தனை மணிக்குக் கண் சொக்கும், எத்தனை மணிக்குத் தானாக விழிக்கும் என்பதில் பரம்பரைக்கும் வயதுக்கும் பெரிய பங்கு உண்டு. பதின்ம வயதில் இந்த நேரம் பிந்திக்கொண்டே போய், இருபது வயதளவில் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்ல முந்தத் தொடங்கும். மெசினுக்கு நீங்கள் தேடித்தேடி எடுப்பதும் அந்த வயதுப் பிள்ளைகளைத்தானே! மூன்று மாத நெல்லையும் மூன்றரை மாத நெல்லையும் ஒரே நாளில் விதைத்து ஒரே நாளில் வெட்டிவிட்டு, பிந்தியது பதர் என்று எந்தக் கமக்காரரும் சொல்லமாட்டார்.

கொடுப்பனவாவது கண்ணுக்குத் தெரிகிற வெட்டு. சம்பள உயர்வுப் படிவத்தில் நடப்பது தெரியாது. வேலை நேரத்தைத் தாங்களே தெரிவுசெய்யக்கூடிய ஊழியர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்று 2014-இல் வெளியானது. முந்தித் தொடங்குபவர்களை மேலாளர்கள் பொறுப்பானவர்கள் என்று கருதி, கூடுதல் புள்ளி கொடுத்திருந்தார்கள். மேலாளரே இரவில் உற்சாகமாக இருக்கும் ஆளாக இருந்தால் அந்தச் சாய்வு காணப்படவில்லை. எங்கள் படிவத்தில் 'ஈடுபாடு' என்றொரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பும் சூப்பர்வைசர்மாரில் பெரும்பாலானோர் நாலு மணிக்கே எழும்பி முற்றம் கூட்டிவிட்டு வருகிறவர்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. தாங்கள் எழும்புகிற நேரத்தையே அளவுகோலாகப் பிடிப்பது யாருக்கும் வரக்கூடியதுதான்.

விடிய எழும்புகிறவர்களும் தப்பவில்லை. அவசர ஓடர் வந்து இரவு ஓ.டி. (மேலதிக நேர வேலை) நீண்டால் அவர்கள்தான் தையல் பிசகி, ரீவேர்க் (பிரித்துத் திரும்பத் தைப்பது) கூடி, திட்டு வாங்குகிறார்கள்.

ஜெர்மனியில் ஒரு உருக்காலையில் முந்தி எழும்புகிறவர்களை இரவு முறையிலிருந்தும், பிந்தி எழும்புகிறவர்களைக் காலை முறையிலிருந்தும் விலக்கிப் பார்த்தார்கள். வேலைநாட்களிலும் அவர்களால் கூடுதலாக நித்திரை கொள்ள முடிந்தது. 2015-இல் முடிவு வெளிவந்தது. அந்த அளவுக்கு இங்கே இப்போதே செய்யுங்கள் என்று கேட்கவில்லை. ஒரு லைன் ஓடத் தொடங்கினால் எல்லா மெசினுக்கும் ஆள் வேண்டும் என்பது எனக்கும் தெரியும்.

ஆனால் "நேரத்தில் கைவைக்க முடியாது" என்று மட்டும் வன்னியில் சொல்லாதீர்கள். 1996-இல் அரசு மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியபோது, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இங்கே பழைய நேரமே ஓடியது. சமாதான காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டி வந்தவர்கள் கைக்கடிகாரத்தை அரைமணி பின்னுக்குத் திருப்பினார்கள். 2006 ஏப்ரலில் நாடே பழைய நேரத்துக்கு வந்தது.

கேட்பது இதுதான். பிந்தி வந்த நிமிடங்களுக்கு வெட்டுங்கள், மாதக் கொடுப்பனவு முழுவதையும் வெட்டாதீர்கள். ஈடுபாட்டுக் கட்டத்தை எடுத்துவிட்டு, பீஸ் கணக்கையும் ரீவேர்க் கணக்கையும் வைத்துச் சம்பள உயர்வு கொடுங்கள். தருமபுரம், விசுவமடுப் பக்கம் இரண்டாவது பஸ் ஒன்றை விட்டு, ஒரேயொரு லைனையாவது ஒன்றரை மணித்தியாலம் பிந்தித் தொடங்கிப் பாருங்கள். அந்த லைனுக்கு விரும்பிப் பெயர் கொடுக்கிறவர்களை மட்டும் எடுங்கள். இருட்டுக்குள் யானைக்குப் பயந்து றோட்டில் நிற்கும் பிள்ளைகளின் தாய்மாரும் மறுக்கமாட்டார்கள்.

மூன்று மாதம் போதும். பிறகு இரண்டு லைன்களின் பீஸ் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நட்டமா இலாபமா என்று நீங்களே பாருங்கள். பட்டியல் போட்டுத் தர நான் ஆயத்தம்.

இப்படிக்கு,
சம்பளப் பிரிவு ஊழியர் ஒருத்தி