லெபோஹாங் கான்யே கட்டுரைக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களே,

தென்னாப்பிரிக்கப் புகைப்படக் கலைஞர் லெபோஹாங் கான்யேயைப் பற்றி ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து நான் எழுதிய நீண்ட கட்டுரை அச்சேறிவிட்டது. அதன்மேல் என் பெயர் மட்டும் இருப்பது நியாயமில்லை.

எங்கள் தெருவே ‘கோகோ’ என்றழைக்கும் பாட்டிக்கு முதல் வணக்கம். உங்கள் வீட்டு ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு, படத்திலிருக்கும் ஒவ்வொருவரும் எந்த ஊரை விட்டு, என்ன வேலை தேடி இந்த நகரத்துக்கு வந்தார்கள் என்று பொறுமையாகச் சொன்னீர்கள். கான்யேயின் தாத்தாவும் ஃப்ரீ ஸ்டேட் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி, ஜோகன்னஸ்பர்க் அடங்கிய அன்றைய டிரான்ஸ்வால் மாகாணத்துக்கு வந்தவர். பேத்தி பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். குடும்பப் படங்களை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, அட்டை உருவங்களாக வெட்டி நிறுத்தி, அவற்றின் நடுவே தாத்தாவைப்போல் கோட்டும் சூட்டுமாக நிற்கிறார் அந்தப் பேத்தி. தாத்தாவின் காலம், கறுப்பினக் குடும்பம் எங்கே வாழலாம் என்பதை நிறவெறி அரசு தீர்மானித்த காலம். நீங்கள் பேசப் பேச, அந்த அட்டை மனிதர்கள் ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு ரயில் பயணமும் ஒரு விட்டுவந்த வீடும் எனக்குத் தெரியத் தொடங்கின.

தாயின் மறைவுக்குப் பின் கான்யே செய்த படங்களைப் பற்றிய பகுதியும் உங்களால் வந்ததுதான். தாயின் உடைகளை உடுத்தி, பழைய படங்களில் அவர் நின்ற இடங்களிலேயே, அதே தோரணையில் நின்று படமெடுத்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தியிருக்கிறார். தாயின் பக்கத்தில் மங்கலாக மகள். அதைப் பார்த்ததும் நீங்கள் எழுந்துபோய் உங்கள் தங்கையின் சட்டையை எடுத்துவந்தீர்கள். அந்த அன்பை மறக்க மாட்டேன்.

மார்க்கெட் ஃபோட்டோ வொர்க்‌ஷாப்பில் படித்த நண்பருக்கு நன்றி. 1989இல் புகைப்படக் கலைஞர் டேவிட் கோல்ட்பிளாட் தொடங்கிய அந்தப் புகைப்படப் பள்ளியில்தான் கான்யேயும் படித்தார். காகித உருவங்களை வெட்டி, விளக்கைத் தள்ளித் தள்ளி வைத்து, நிழல் எப்படிப் பெரிதாகிச் சுவரேறுகிறது என்று நண்பர் காட்டியிராவிட்டால், உருவங்களையும் ஒளியையும் கொண்டு ஓர் இடத்தையே படைப்பாக அமைக்கும் அவருடைய நிர்மாணக் கலை பற்றிய பத்திகளை என்னால் எழுதியிருக்க முடியாது.

2024இல் கான்யேக்கு டாய்ச்ச பூர்ஸ என்ற சர்வதேசப் புகைப்படப் பரிசு கிடைத்தபோது, லண்டன் காட்சியைப் பார்த்துவிட்டு விரிவாக எழுதியனுப்பிய தோழிக்கும், தென்னாப்பிரிக்க மொழியான சோத்தோவின் சொற்களைச் சரிபார்த்த சக ஊழியருக்கும் நன்றி. ஆப்பிரிக்கா என்றாலே பஞ்சமும் போரும் என்று நம் பத்திரிகைகள் பழகிவிட்டன. இது எனக்கு நீண்ட நாள் வருத்தம். ஒரு குடும்ப ஆல்பத்தின் கதைக்குப் பக்கக் கணக்குப் பார்க்காமல் இடம் தந்த ஆசிரியருக்கு என் மரியாதை.

கோகோ, இதழ் வந்ததும் நானே கொண்டுவந்து, ஒவ்வொரு பத்தியாக உங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறேன்.

நன்றியுடன்,
கட்டுரையாளர்