படங்களைத் தந்து உதவிய வீடுகளுக்கு நன்றி

அந்த மழை ராத்திரியில் நான் எடுத்து வைத்திருந்த படங்களெல்லாம் நனைந்து போனது உங்களுக்கெல்லாம் தெரியும். திரும்ப எழுதத் தெம்பில்லை. தூய்மைப் பணியாளர்களின் உருவப்படக் கண்காட்சி நிச்சயம் நடக்கும், அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்கேனர் கொடுத்தவர்கள், கடனுக்கு அச்சிட்டுத் தந்தவர், நனைந்த ஹார்ட் டிஸ்க்கோடு ராப்பகலாக மல்லுக்கட்டிய நண்பர்கள், பணம் அனுப்பிவிட்டுப் பெயர் போட வேண்டாம் என்றவர்கள், எல்லோருக்கும் மனதார நன்றி.

ஆனால் கண்ணகி நகர் அக்காவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். அவர் கணவரைப் படமெடுக்கப் போனபோது, "வேலை உடுப்புல வேணாம் தம்பி" என்று உள்ளே போனவர், இஸ்திரி போட்ட நீலச் சட்டையும் பையில் ஒரு பேனாவுமாக வந்து நின்றார். ஒரு பிரதியை வீட்டில் கொடுத்திருந்தேன். பிறகு கழிவுநீர்த் தொட்டிக்குள் மூச்சுமுட்டிப் போய்விட்டார். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது குற்றம் என்று 2013இலேயே சட்டம் வந்துவிட்டது, அதற்கப்புறமும் இறக்கினார்கள். மாலை போட்டு மாட்ட வீட்டில் இருந்தது அந்த ஒரு படம்தான்.

அதைத்தான் மாலையைக் கழற்றி, பழைய புடவையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். கண்ணாடியில் சந்தனப் பொட்டு காய்ந்திருந்தது. "எல்லாம் போயிடுச்சாமே. இதை வச்சுப் பண்ணிக்கோங்க. அமாவாசைக்குள்ள குடுத்துடுங்க தம்பி, படைக்கணும்" என்றார். ஃபிரேமின் ஆணிகளையும் அவரே நிமிர்த்திப் படத்தை எடுத்துத் தந்தார். அவர் சொல்லித்தான் மற்ற வீடுகளிலிருந்தும் படங்கள் வந்தன: சுவரில் இருந்தவை, பீரோ கதவில் ஒட்டியிருந்தவை, ரேஷன் கார்டோடு கவரில் கிடந்தவை.

1936இல் கலிபோர்னியாவில் புகைப்படக் கலைஞர் டோரத்தியா லாங்க் எடுத்த ஒரு தாயின் படம் உலகமெல்லாம் சுற்றியது. அந்தத் தாய் ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்று வெளியே தெரிய 1978 ஆகிவிட்டது. அந்தப் படத்தால் தனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்றார் அவர். எங்கள் துறையில் பிரதி கொடுப்பதை ஏதோ தர்மம் செய்வது போலப் பேசுகிறோம். இன்று என் வேலையில் மிஞ்சியிருப்பதெல்லாம் அந்த வீடுகள் பத்திரமாக வைத்திருந்ததுதான்.

படம் அமாவாசைக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்துவிட்டது அக்கா, பார்த்திருப்பீர்கள். கண்காட்சியை முதலில் கண்ணகி நகரில்தான் வைக்கிறோம், அரங்கமெல்லாம் அப்புறம். இனி யாரைப் படமெடுத்தாலும், பிரதி அவர் கைக்குப் போகாமல் எந்தச் சுவரிலும் அதை மாட்ட மாட்டேன்.