ராசா, பாங்க் கார்ட்டை ஆரிட்டயும் குடுக்காத

அன்புள்ள ராசா,

நேற்று நீ கதைச்சு வைச்சாப் பிறகு எனக்கு நித்திரையே வரேல்ல. சம்பளம் விழுற நாளில கட்டாரில நீங்கள் தங்கியிருக்கிற கேம்ப்ல எல்லாற்ற பாங்க் கார்ட்டையும் சுப்பவைசர் வாங்கி வைக்கிறான் எண்டு நீ சும்மா சொல்லிப்போட்டுப் போட்டாய், எனக்கு நெஞ்சுக்குள்ள பத்தி எரியுது.

அகதி முகாமால வந்து விசுவமடுவில தகரக் கொட்டில் போட்டிருந்த காலம்தான் நான் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனது, உனக்கு அப்ப 9 வயசு. சம்பளம் கையிலதான், அதுவும் வீட்டுக்கார மேடம் நினைச்சாத்தான். கடைசி 5 மாசக் காசு தரவே இல்லை. கேட்கப் போன இடத்தில என்ன ஆதாரம் இருக்கு எண்டு கேட்டினம், நான் கலண்டர்ல கோடு போட்டு வைச்சனான், அதை ஆர் பாத்தது.

உனக்கு அப்பிடி இல்லை. கட்டாரில 2015 இல இருந்து கொம்பனி சம்பளத்தை பாங்குக்குத்தான் போடோணும், குடுக்கவேண்டிய நாளில இருந்து 7 நாளுக்குள்ள, அந்தக் கணக்கு தொழில் அமைச்சின்ர கம்பியூட்டருக்கும் போகும், போடாத கொம்பனிக்குப் புது ஆக்கள் எடுக்க விடாம மறிப்பினம். (துவங்கேக்க வீட்டு வேலைக்காரரை இதுக்குள்ள சேர்க்கேல்ல, எனக்கு அது இப்பவும் மனவருத்தம்தான்.) ஆனா அந்தக் கம்பியூட்டருக்குத் தெரியிறது காசு உள்ள விழுந்தது மட்டும்தான் ராசா. பிறகு உன்ர கார்ட்டைக் கொண்டுபோய் மிசின்ல 300 றியாலை எடுத்துப்போட்டு மிச்சத்தை உன்ர கையில வைச்சா, அங்க முழுச்சம்பளம் எண்டுதான் பதிஞ்சிருக்கும், நீ முறையிடப் போனாலும் உன்ர கணக்கே உனக்கு எதிரா நிக்கும்.

2021 மார்ச்சில இருந்து ஆருக்கும் மாசம் 1000 றியாலுக்குக் குறையக் குடுக்கேலாது, இடம் தராட்டி 500, சாப்பாடு தராட்டி 300 இன்னும் சேர்த்துத் தரோணும். உன்ர அக்ரிமெண்ட் பேப்பரை ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுத்து எனக்கு வட்ஸ்அப்பில அனுப்பு, பாங்க் மெசேஜ் ஒண்டையும் அழிக்காத, ஓவர்டைம் செய்யிற நாளுகளை போன்லயே எழுதி வை. சுப்பவைசரோட தனியப் போய்ச் சண்டை பிடிக்காத, உன்ர றூமில இருக்கிற பெடியளோட முதல்ல கதை, அஞ்சாறு பேர் சேர்ந்து கார்ட் தரமாட்டம் எண்டா அவனும் யோசிப்பான்.

ஏஜென்சிக்குக் குடுக்க அடகு வைச்ச சங்கிலியை நினைச்சு நீ பயந்து பேசாம இருக்காத, அது பாங்கில கிடக்கட்டும், வட்டியை நான் பயத்தங்காய் வித்துக் கட்டுவன்.

கார்ட்டின்ர பின் நம்பரை இண்டைக்கே மாத்து. மாத்தினோண்ண ஒரு மெசேஜ் போடு, நம்பரை எனக்கும் சொல்லாத.

அம்மா